பேழை முதல் பீரோ வரை

வரலாறு என்றவுடன் போர்க்களமும் அரண்மனையும் கல்வெட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. படுக்கையறையின் மூலையில் நிற்கும் துணி அலமாரி வருவதில்லை. ஆயினும், மனிதன் ஆடை உடுக்கத் தொடங்கிய நாள்தொட்டு, உடுக்காத வேளையில் அதனை எங்கே வைப்பது, எவ்வாறு மடிப்பது, எலிக்கும் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்புவித்து எவ்வாறு காப்பது என்னும் கேள்விகள் அவனை விடாமல் தொடர்ந்து வந்துள்ளன. இக்கேள்விகளுக்கு நம் நாடு வெவ்வேறு காலங்களில் கண்ட விடைகளை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. ஊரிலிருந்து நாம் எடுத்துவந்த பொருள்களுள் நெடுநாள் நம்மோடு நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது தாயாரின் கூறைப்புடவை. பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிய அப்புடவையைப் பல ஆண்டுகள் கழித்து மகளின் திருமணத்துக்கென்று எடுத்து விரிக்கும்போது, அது மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போய்க் கிடப்பதைக் கண்டு வருந்திய குடும்பங்கள் பல உண்டு. கள்வனும் வரவில்லை, எலியும் தீண்டவில்லை. ஆயினும் பொருள் போயிற்று. இது ஏன் நேர்கிறது என்பதற்கு வரலாறு ஒரு விடை சொல்கிறது.

உடையைப் பேணுதல் பற்றி நம் நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய விதிகளுள் சில, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தில் உள்ளன. பிடகம் என்ற சொல்லுக்கே கூடை என்பது பொருள். மூன்று உடைகளுக்குமேல் தமக்கெனக் கொள்ளாத துறவிகளுக்கு உடை வைப்பது பற்றி விதி எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். குறைவாக உடையவனே உள்ளதைக் கருத்தாகக் காப்பான் என்பதற்கு அந்நூலே சான்று.

ஆசிரியருக்கு மாணவன் செய்யவேண்டிய பணிவிடைகளைக் கூறும் பகுதியில், ஆசிரியரின் உடை வியர்வையால் நனைந்திருந்தால் அதனைச் சிறிது நேரம் வெயிலில் உலர்த்த வேண்டும், ஆனால் வெயிலிலேயே விட்டுவிடலாகாது என்று விதிக்கப்பட்டுள்ளது. பிறகு மடிக்கும் முறை வருகிறது. இரு முனைகளும் சரிக்குச் சரியாகப் பொருந்தாமல், நான்கு விரற்கடை விலகி நிற்குமாறு மடிக்க வேண்டும். துணியின் நட்டநடுவில் மடிப்பு விழலாகாது. ஒரே இடத்தில் நாள்தோறும் மடிந்தால் துணி அவ்விடத்தில் நைந்துவிடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். உடையைத் தொங்கவிட மூங்கிற்கழியும் கயிற்றுக் கொடியும் அனுமதிக்கப்பட்டன. கழியையோ கொடியையோ முதலில் கையால் துடைத்துவிட்டு, துணியின் ஓரங்கள் அப்புறமாகவும் மடிப்புத் தன் பக்கமாகவும் இருக்கும்படி உடையை இடவேண்டும் என்பது வரை அந்நூல் சொல்கிறது. நம் வீடுகளில் உத்தரத்திலிருந்து தொங்கிய மூங்கிற்கழியையும், மடித்துணியைக் கோலால் எடுத்து அதில் உலர்த்திய பாட்டிமாரையும் கண்டவர்களுக்கு இக்காட்சி புதியதாகத் தோன்றாது.

துறவிகள் கூட்டமாக வாழத் தொடங்கி, மக்கள் அளித்த துணிகள் குவிந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. கண்ட இடத்தில் வைத்த துணிகளை எலியும் கறையானும் அரித்தன. அதன்மேல் பண்டகசாலை ஒன்று ஏற்பட்டது. அதற்கு ஒரு காப்பாளரும் நியமிக்கப்பட்டார். விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்குக்கும் ஆட்படாதவராகவும், எது காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை என்பதை அறிந்தவராகவும் அவர் இருத்தல் வேண்டும். பீரோவில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று அறிந்திருத்தலே ஒழுங்கின் முதற்படி என்பதை இதனினும் சுருக்கமாகக் கூற இயலாது.

கோசாம்பி நகரத்து மன்னன் உதயணனின் தேவியர் ஆனந்தருக்கு 500 உடைகளை அளித்த கதையும் இந்நூலில் உள்ளது. இத்தனை உடைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர் என்று மன்னன் வினவினான். உடை கிழிந்த துறவிகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழைய உடைகளை என்ன செய்வீர் என்று மன்னன் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போக, அவை படுக்கை விரிப்பாகும், விரிப்புப் பழசானால் மெத்தையுறையாகும், அதன்பின் தரைவிரிப்பாகும், கால்மிதியாகும், தூசி தட்டும் துணியாகும், முடிவில் கிழித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்று ஆனந்தர் விடையிறுத்தார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 உடைகளை வழங்கினான் என்பது கதை. புதியது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று அடுத்த வேலைக்குப் போகவேண்டும் என்னும் நியதி இதிலே அடங்கியிருக்கிறது. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா விரிப்பும், நம் வீடுகளில் பழைய வேட்டி தூளித்துணியாவதும் இந்நியதியின் வழிப்பட்டவையே.

துறவியின் மடத்திலிருந்து பேரரசனின் அரண்மனைக்கு வருவோம். 1556 முதல் 1605 வரை ஆண்ட அக்பரின் ஆட்சிமுறையை அபுல் பசல் எழுதிய ஆயினி அக்பரி விரிவாகக் கூறுகிறது. படை, நாணயம், நிலவரி ஆகியவற்றைப் பற்றிக் கூறும் அந்நூல், அரசரின் உடைச்சாலைக்கும் தனி இடம் ஒதுக்குகிறது. பருவந்தோறும் 1000 முழு உடைகள் தைக்கப்பட்டன. அவற்றுள் 120 உடைகள் 12 மூட்டைகளாகக் கட்டி எந்நேரமும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தன.

அங்கே துணிகளை அடுக்கிய முறைதான் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதலில் வந்து சேர்ந்த நாளே கணக்கு; முந்தி வந்தது முன்னே, பிந்தி வந்தது பின்னே. ஒரே நாளில் வந்தவற்றுள் எடை குறைந்தது முன்னே நிற்கும். எடையும் ஒன்றாக இருப்பின் நிறத்தைக் கொண்டு வரிசை தீர்மானிக்கப்படும். நிறங்களுக்கும் ஒரு நீண்ட வரிசை வகுக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான துணிகளுக்கிடையே வேண்டியதைத் தேடாமல் எடுக்கவும், பழையது புதியதன் அடியில் மறைந்து மக்காமல் இருக்கவும் இம்முறை துணை செய்திருக்கும். இன்றைய கிடங்குகளில் முந்தி வந்ததை முந்தி எடு என்று விதிக்கிறார்களே, அதன் சாயலை இதில் காண்கிறோம். சால்வையிடத்து அக்பருக்கு இருந்த விருப்பம் பெரிது. அதற்குப் பரம்நரம், அதாவது மிக மென்மையானது, என்று பெயரே மாற்றிவைத்தார்.

அந்தச் சால்வைகள் காசுமீரத்திலிருந்து வந்தவை. கம்பளி நூலைத் தின்னும் பூச்சியைத் தடுக்க, அந்நாட்டு மலைச்சரிவில் விளையும் ஒரு மணமுள்ள வேரைச் சால்வைகளுக்கிடையே வைப்பது வழக்கம். அவ்வேரையே நம் நாட்டு மருந்துக்கடைகளில் கோஷ்டம் என்ற பெயரால் விற்கிறார்கள். நம் வீடுகளில் வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் இப்பணியைச் செய்தன. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஏட்டுச்சுவடிகளைக் காக்க வசம்பு, மிளகு, இலவங்கம் முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து வைத்த முறையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சாதாரணக் குடும்பங்களின் துணியைக் காத்தது பெட்டிதான். பேழை, பெட்டகம் என்பன நம் பழஞ்சொற்கள். சௌராஷ்டிரத்தில் பித்தளைத் தகடு பொதிந்த பெரிய மரப்பெட்டியைப் பட்டாரா என்பர். மணப்பெண்ணின் சீரோடு அது வண்டியேறிப் போகும். பஞ்சாபில் ரஜாய்களையும் விரிப்புகளையும் வைக்கும் பெரிய சந்தூக் அறையின் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொள்ளும். பெட்டியில் ஒரு குறை உண்டு: அடியிலுள்ளதை எடுக்க மேலுள்ளவை அனைத்தையும் எடுத்தாக வேண்டும். அக்குறையிலேயே ஒரு நன்மையும் இருந்தது. ஆண்டுக்குச் சிலமுறையாவது எல்லாத் துணியும் வெளியே வந்து காற்றுப் பட்டது. வேறு மடிப்பில் மீண்டும் உள்ளே சென்றது.

நின்ற நிலையில் கதவு திறக்கும் தட்டுகள் கொண்ட பெட்டியின் பெயரோ கடல் கடந்து வந்தது. போர்த்துகீசியரின் அர்மாரியோ என்ற சொல் நம் நாவில் அலமாரி ஆயிற்று. இந்தி, வங்காளி, மராத்தி பேசுவோரும் ஏறத்தாழ அப்படியே சொல்கின்றனர். மேசையும் சாவியும் அம்மொழி தந்தவையே. ஆகவே, மொழி தெரியாத ஊரில் புதிதாக வந்திறங்கிய தமிழரும் அலமாரி என்று கேட்டால் கடைக்காரருக்கு விளங்கிவிடும். பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். முதலில் அது மேசைமீது விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. பிறகு அத்துணி விரித்த மேசையையும், அதன்பின் இழுப்பறைகள் உள்ள எழுத்து மேசையையும் குறித்தது. நம்மிடம் வந்து துணிவைக்கும் அலமாரியாயிற்று. துணியின் பெயராகப் பிறந்த சொல் துணியின் வீடாக முடிந்தது ஒரு வேடிக்கையே.

மர அலமாரிக்குக் கறையான் பகை. அப்பகையை வென்றது எஃகு. 1897-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ், சில ஆண்டுகளில் இரும்புப் பெட்டகங்களும் செய்யத் தொடங்கினார். 1923-இல் அந்நிறுவனம் எஃகு அலமாரி செய்வதில் இறங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னர் எஃகு பீரோ நடுத்தரக் குடும்பங்களின் அடையாளமாகவே ஆயிற்று. சீர்வரிசையில் அதற்கு முதலிடம் கிடைத்தது. நகையும் பத்திரமும் பட்டும் ஒரே கதவுக்குள் அடங்கின. எலி, கறையான், கள்வர் என்னும் மூன்று பழம்பகைகளும் ஒருங்கே நீங்கின.

நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. பகை நீங்கியதும் பழக்கமும் நீங்கிற்று. மூங்கிற்கழியில் இட்ட துணி நாள்தோறும் கண்ணில் பட்டது. பெட்டியில் வைத்தது பருவத்துக்கு ஒருமுறை வெளியே வந்தது. பீரோவில் வைத்ததோ வைத்த இடத்திலேயே இருந்துவிட்டது. பூட்டியதே காத்ததாகும் என்று நாம் நம்பிவிட்டோம். பட்டுநூல் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அவ்விடத்தில் நொறுங்கும். ஜரிகையிலுள்ள வெள்ளி, காற்றிலுள்ள கந்தகக் கலப்பால் கறுக்கும். காற்றோட்டமற்ற இரும்புக்குள் சிக்கிய ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். நடுவில் மடிப்பு விழலாகாது என்ற பழைய துறவிகளின் விதி, 2000 ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பீரோவுக்குப் பொருந்துகிறது.

நாம் வாழும் ஊர்களின் பருவமும் இதற்கு வழிகாட்டுகிறது. கொல்கத்தாவில் மழை தணியத் தொடங்கும் பாத்ர மாதத்தில், அதாவது நம் ஆவணியில், துணிகளையும் நூல்களையும் வெயிலில் காயவைப்பது வங்காளியர் மரபு. தில்லியில் குளிர்காலத்துக்கு முன் கம்பளிகள் வெளிவரும். ஹோலி கழிந்ததும் துவைத்து உலர்ந்து உள்ளே போகும். மும்பையில் மழைக்காலம் முடிந்தவுடன் பீரோவை ஒருநாள் முழுதும் திறந்துவைத்தல் நலம். அண்டை வீட்டார் செய்வதைப் பார்த்து நாமும் அந்நாளில் செய்தால் போதும். புதிதாக ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை.

அன்று செய்யத்தக்கவை சிலவே. பட்டுப் புடவையை நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, பழைய மடிப்பு விழாத வகையில் வேறாக மடித்து, கஞ்சியில்லாத பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கனத்த ஜரிகைப் புடவையை நெடுநாள் தொங்கவிடுதலும் ஆகாது. கஞ்சி போட்ட பருத்தித் துணி சில பூச்சிகளுக்கு உணவாவதால், நெடுநாள் வைக்கும் துணியைக் கஞ்சியின்றி வைப்பதே முறை. இரச உருண்டை என்று நாம் அழைக்கும் நாப்தலீன் உருண்டைகள் நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பவை; அவை துணியில் நேரே படலாகாது. அவற்றோடு வைத்த துணியைத் துவைத்துக் காற்றாட விடாமல் கைக்குழந்தைக்கு உடுத்தவே கூடாது. சில குழந்தைகளின் இரத்தத்துக்கு அதனால் கேடு விளையும் என்று மருத்துவம் கூறுகிறது. ஓராண்டாகத் தொடாத உடையை எடுத்து, ஆனந்தரின் வரிசைப்படி அதற்கு அடுத்த வேலை எது என்று தீர்மானித்துவிடலாம்.

மற்றொன்றும் கூறவேண்டும். அரண்மனையில் உடைச்சாலைக்கு அதிகாரிகள் இருந்தனர். மடத்தில் காப்பாளர் இருந்தார். நம் வீட்டில் அப்பதவியை இல்லத்தரசி ஒருவரே ஊதியமின்றி வகித்து வந்துள்ளார். பீரோ திறக்கும் நாளில் வீட்டார் அனைவரும் கை கொடுத்தால் வேலையும் எளிதாகும். இது பாட்டியின் புடவை, இது தாத்தாவின் அங்கவஸ்திரம், இன்ன ஊரில் இன்ன விழாவுக்கு எடுத்தது என்று பிள்ளைகளும் அறிந்துகொள்வர். பிறமொழிச் சூழலில் வளரும் அப்பிள்ளைகளுக்குக் குடும்பத்தின் வரலாற்றைச் சொல்ல இதைவிட ஏற்ற வேளை அரிது. ஆதலின் அந்தப் புடவைகளை இந்த ஆண்டே ஒருமுறை எடுத்து, பிள்ளைகளின் முன்னிலையில் விரித்து, மடிப்பை மாற்றி வைப்போமாக.