இறையழைப்பு (கிறித்தவம்)

கடவுள் ஒருவரை ஒரு வாழ்க்கை நிலைக்கோ, பணிக்கோ, அன்றன்று செய்யவேண்டிய ஒரு சிறு செயலுக்கோ அழைக்கிறார் என்னும் கிறித்தவ நம்பிக்கை இறையழைப்பு எனப்படும். கத்தோலிக்கர் இறையழைத்தல் என்றும், சீர்திருத்தச் சபையினர் தேவ அழைப்பு, ஊழிய அழைப்பு என்றும் வழங்குவர். குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் போகிறவர்களுக்கு மட்டுமே அழைப்பு உண்டு என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. விவிலியமோ அழைப்பை அவ்வளவு குறுக்கவில்லை.

விவிலியத்தில்

விவிலியத்தில் அழைப்பு பல இடங்களில் வேலை நேரத்தில் வருகிறது. மோசே மாமனாரின் ஆடுகளை ஓரேபு மலைப்பக்கம் ஓட்டிப் போயிருந்தார். கிதியோன் மிதியானியர் கண்ணில் படாமல் திராட்சை ஆலைக்குள் கோதுமை அடித்துக்கொண்டிருந்தார். எலிசா ஏர் உழுதுகொண்டிருந்தார். பேதுரு வலை வீசிக்கொண்டிருந்தார். மத்தேயு சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்தார்.

அழைப்பை இனங்காண்பது எப்படி என்பதற்குச் சாமுவேலின் கதையைவிட நல்ல பாடம் இல்லை (1 சாமுவேல் 3). சீலோ ஆலயத்தில் முதிய குரு ஏலியிடம் பணிவிடை செய்த சிறுவன் அவன். இரவில் தன் பெயர் கேட்டதும் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று ஓடுகிறான். இப்படி மூன்று முறை நடக்கிறது. கடவுளின் குரல் அவனுக்குப் பழகிய ஒரு மனிதரின் குரலாகவே ஒலித்திருக்கிறது. அது யாருடைய குரல் என்பதை முதலில் உணர்ந்தவரும் சாமுவேல் அல்ல, பார்வை மங்கிய ஏலிதான். என்ன பதில் சொல்லவேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுக்கிறார். கிடைத்த செய்தியோ ஏலியின் வீட்டுக்கு வரவிருக்கும் தண்டனை. சிறுவன் விடியும்வரை படுத்திருந்து, காலையில் வழக்கம்போல் ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். ஏலியிடம் சொல்ல அஞ்சுகிறான். ஏலி வற்புறுத்திக் கேட்டு, தனக்கு எதிரான அச்செய்தியைத் தலைவணங்கி ஏற்கிறார். அழைப்பைக் கேட்டவன் அன்றாட வேலையை விடவில்லை; அவனுக்கு வழிகாட்டியவர் தம் நலத்தைப் பார்க்கவில்லை.

தெளிந்து தேர்தல்

இந்த இனங்காணலை ஒரு பயிற்சியாக ஒழுங்குபடுத்தியவர் லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556). 1521 மே மாதம் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், வீரதீரக் கதைகள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுகளும்தான். அவற்றைப் படித்தபடியே சில நேரம் போர்ப் புகழையும் அரசகுலப் பெண் ஒருத்தியையும் கனவு கண்டார்; சில நேரம் பிரான்சிஸ், தோமினிக் போன்றோரைப் போல வாழ நினைத்தார். இரண்டு நினைவுகளுமே இனித்தன. முதலாவது கலைந்தபின் மனம் வறண்டது. இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி நின்றது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்தே அவருடைய ஆன்மிகம் பிறந்தது. மன்ரேசாவில் 1522 முதல் எழுதத் தொடங்கிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்றது.

அந்நூலின் சில அறிவுரைகள் எவருக்கும் உதவும். மனம் சோர்ந்து வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக் கூடாது. இரண்டு நல்லவற்றுள் எது என்று தெரியாதபோது, முன்பின் அறியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கலாம். சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். நாள்தோறும் செய்யவேண்டிய ஆன்ம சோதனையும் அதில் உண்டு: நன்றி சொல்லி, தெளிவு கேட்டு, கழிந்த பொழுதை மணிக்கணக்காய்த் திரும்பிப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்பு வேண்டி, இனி திருந்துவதற்கு உறுதி எடுப்பது. பெரிய முடிவுகளுக்காகக் காத்திராமல் இதை வழக்கமாக்கிக்கொண்டவருக்கே பெரிய முடிவு வரும்போது குரல் பழகியிருக்கும்.

எல்லா நிலையினருக்கும்

துறவியரின் வாழ்வே உயர்ந்த அழைப்பு என்ற இடைக்கால எண்ணத்தை மார்ட்டின் லூத்தர் 1520-இல் எதிர்த்தார். செருப்புத் தைப்பவரும் உழவரும் தத்தம் தொழிலால் பிறருக்குப் பணிசெய்கிறார்கள். அவர்களும் குருத்துவம் பெற்றவர்களே என்றார். கத்தோலிக்கரிடையே 1609-இல் பிரான்சிஸ் சலேசியார் இல்லறத்தாருக்காகவே பக்தி வாழ்வு பற்றி நூல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் ஐந்தாம் அதிகாரம், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று கற்பிக்கிறது. இதற்கு ஒரு சான்று, நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளை. அவர் திருவிதாங்கூர் அரசுப் பணியாளர்; மணமானவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்ட அவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் இந்நிலை பெற்ற முதல்வர் அவரே.

எந்த நிலையிலும் அழைப்பு உண்டு என்னும் இந்தப் போதனைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்று பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 7), அடிமையை அடிமையாகவே வைத்திருக்கப் பயன்படுத்தியவர்கள் உண்டு. விடுதலை பெற முடிந்தால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள் என்னும் பொருளில்தான் பலர் அடுத்த வசனத்தைப் படிக்கிறார்கள். ஒடுக்குமுறை எவருக்கும் அழைப்பு ஆகாது.

பிறர் தேவையில் கேட்கும் குரல்

சிலருக்கு அழைப்பு, வாசலில் வந்து நிற்கும் ஒரு தேவையாக வந்தது. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடருக்குத் தம் குடும்பத்தாரைப்போல மிஷனெரி ஆகும் எண்ணமே இல்லை. திண்டிவனத்தில் ஓர் இரவு, பேறுகாலத்தில் தவிக்கும் தம் மனைவியருக்காக மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தனர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தையையோ, ஆண் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1918-இல் பெண்களுக்கென அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

மறுமொழியும் சோதித்தறிதலும்

உடனே இணங்குவது மட்டுமே மறுமொழி அல்ல. மரியா கேள்வி கேட்டார். எரேமியா தாம் சிறுவன் என்று தயங்கினார். யோனா கப்பலேறி ஓடினார். முடியாது என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறித் தோட்டத்துக்குப் போன மகனே தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் என்று இயேசு உவமையாகச் சொன்னார் (மத்தேயு 21).

கடவுள் சொன்னார் என்று கூறிப் பிறரைத் திருமணத்துக்கோ காணிக்கைக்கோ நெருக்குவது கொடுமை. அனுப்பப்படாமலே ஓடிய இறைவாக்கினரை எரேமியா 23-ஆம் அதிகாரம் கடுமையாகச் சாடுகிறது. ஆவிகளைச் சோதித்தறியும்படி யோவானின் முதல் திருமுகம் கேட்கிறது. சோதிக்க அனுமதிக்காத அழைப்பை நம்பவேண்டியதில்லை. துறவற அழைப்பையும் திருச்சபை காலத்தால்தான் சோதிக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, நவதுறவுப் பயிற்சி குறைந்தது 12 மாதங்கள். அதன்பின் தற்காலிக வாக்குப்பாடு 3 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அதற்குப் பிறகே ஒருவர் நிரந்தர வாக்குப்பாடு கொடுக்க முடியும்.