கோல் கம்பத்தின் முன் நின்றவர்



பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் மாலை நான்கு மணிக்குமேல் என்ன நடக்கும் என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். பால் வெட்டிக் களைத்த இளைஞர்கள் குளித்துவிட்டு, திடலுக்குப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. கோல் காவலராக நிற்க யாரும் முன்வரமாட்டார்கள். பத்துப் பந்தைத் தடுத்தால் பேச்சில்லை. ஒன்றை விட்டுவிட்டால் லயம் முழுவதும் அதுவே பேச்சு. அந்த இடத்தில் நின்று நாட்டுக்கே பெருமை தேடித் தந்த ஒரு தமிழரைப்பற்றி இன்று பார்ப்போம். அவர்தான் ஆர். ஆறுமுகம்.

1953-ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுகம், சிலாங்கூர் குழுவுக்கும் மலேசியக் குழுவுக்கும் கோல் காவலராக விளங்கினார். நீண்ட கைகளும் பாய்ந்து பிடிக்கும் வேகமும் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயரைத் தேடித் தந்தன.

காற்பந்துக் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம் கொண்டது. அதை ஒருவர் காப்பது எப்படி? எரியும் விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை நீட்டிப் பாருங்கள். கை விளக்கை நெருங்க நெருங்கச் சுவரில் விழும் நிழல் பெரிதாகும். அதுபோலவே, தக்க நேரத்தில் முன்னேறிப் பந்தை நெருங்கும் காவலர், அடிப்பவரின் கண்ணுக்குக் கோலையே சிறிதாக்கிவிடுகிறார். உடல் வலிமையோடு கணக்கும் துணிவும் சேர்ந்த தொழில் இது.

1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977-லும் 1979-லும் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1980 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில், தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அந்தக் குழுவைப் பயிற்றுவித்தவர் ஜெர்மானியரான கார்ல் ஹைன்ஸ் வைகாங்.

ஆனால், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. வியர்வை சிந்தி வென்ற இடம், ஆடாமலே கைநழுவிப் போயிற்று. ஆறுமுகம் அதன்பிறகும் தம் இடத்தைவிட்டு நகரவில்லை. நாட்டுக்காகத் தொடர்ந்து ஆடினார். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது 35தான்.

பயிற்றுநர் வைகாங்கின் கதை நம் ஈப்போவோடு இணைந்தது. பின்னாளில் பேராக் குழுவைப் பயிற்றுவித்து, 1998-இல் மலேசியக் கிண்ணத்தை இங்குக் கொண்டுவந்தார். 2017-இல் ஈப்போவிலேயே காலமானார். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த 'ஓலா போலா' என்ற திரைப்படம், 1980-ஆம் ஆண்டுக் குழுவை இளைய தலைமுறைக்கு நினைவூட்டியது.

நேயர்களே, பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, திடல்களும் மறைந்துவிட்டன. ஆனால், பிள்ளைகள் விளையாடத்தான் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவன் விருப்பமில்லாமல் கோல் கம்பத்தின் முன் நிற்கக்கூடும். விட்ட பந்துக்காக அவனை ஏசுமுன், தடுத்த பந்துகளையும் எண்ணிச் சொல்வோம். ஆறுமுகத்தின் பெயரையும் அவனுக்குச் சொல்லி வைப்போம்.