டி.சி.பி. மூட்டையின் பூர்வீகம்: கோழித்தீவனக் கதிரியக்கத்தை அளக்கும் முறை குறித்து

கோழித்தீவனத்தின் இயற்கைக் கதிரியக்கத்தை அளந்து எழுதும் கட்டுரைகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது: ரேடியம் சமானம் கிலோவுக்கு 370 பெக்கரெலுக்குக் கீழே இருக்கிறது, ஆகவே தீவனம் பாதுகாப்பானது. இந்த ‘ஆகவே’யோடுதான் எனக்கு வழக்கு.

370 என்ற எண் கட்டடத்திலிருந்து வந்தது. 1985இல் பெரெட்கா, மாத்யூ இருவரும் ஆஸ்திரேலியக் கட்டுமானப் பொருள்களை ஆராய்ந்த கட்டுரைதான் இதற்கு வழக்கமாக மேற்கோள் காட்டப்படுகிறது. ரேடியம் சமானத்தைக் காண, ரேடியம்-226இன் அளவோடு தோரியம்-232இன் 1.43 மடங்கையும் பொட்டாசியம்-40இன் 0.077 மடங்கையும் கூட்ட வேண்டும். நான்கு சுவருக்குள் வாழும் மனிதர்மீது வெளியிலிருந்து படும் காமாக் கதிருக்கு இது நல்ல கணக்கு. தீவனமோ குடலுக்குள் போகிறது. பிழை அவ்விருவருடையதன்று, சுவருக்கான அளவுகோலை இரைப்பைக்கு மாற்றியவர்களுடையது.

கரிசலை வைத்தே பார்க்கலாம். பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் மானாவாரிக் காடுகளில் இப்போது மக்காச்சோளம் பெருகி, நாமக்கல் தீவன ஆலைகள்வரை போகிறது. இயற்கைப் பொட்டாசியம் ஒரு கிராமுக்குச் சுமார் 31 பெக்கரெல். அவற்றிலுள்ள பொட்டாசியத்தின் அளவைக் கொண்டு பார்த்தால், ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 100 பெக்கரெல், சோயாப் புண்ணாக்கில் ஏறத்தாழ 600. கருவியில் ஓங்கித் தெரிவது சோயாதான். ஆனால் கோழியின் உடல் பொட்டாசியத்தை ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு மிஞ்சியதைக் கழித்துவிடும். அந்த ஓங்கிய எண் தீங்கைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சொல்லக்கூடியது, கால்சியமும் பாஸ்பரஸும் தரச் சேர்க்கும் டை கால்சியம் பாஸ்பேட், பண்ணையாளர் வழக்கில் டி.சி.பி. தீவனத்தில் அது ஒன்றரை விழுக்காடு இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியாக மட்டும் 370ஐ எட்ட வேண்டுமானால் டி.சி.பி.யில் கிலோவுக்கு 24,600 பெக்கரெலுக்குமேல் ரேடியம் இருக்க வேண்டும். படிவுப் பாஸ்பேட் பாறையிலேயே ரேடியத்தின் மூலமான யுரேனியம்-238 பொதுவாக 1,500 பெக்கரெல் அளவில்தான் இருக்கிறது. எந்தத் தீவனமும் தோற்க முடியாத தேர்வு இது. அதில் தேறியதைச் சான்றாக ஏற்க இயலாது.

டி.சி.பி. என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பூர்வீகங்கள் உண்டு: எலும்பு, பாறை. 1908இலேயே இயற்பியலாளர் ஸ்ட்ரட், பாஸ்பேட் உருண்டைகளிலும் புதைந்து கல்லான எலும்புகளிலும் ரேடியம் மிகுந்திருப்பதைக் காட்டினார். மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் எலும்பு யுரேனியத்தை ஈர்த்துக்கொள்கிறது. புதிய எலும்புக்கு அந்த வரலாறு இல்லை. நம் பக்கத்திலும் பாறை புதிதன்று. திருச்சி மாவட்ட ஊட்டத்தூர்ப் படிவுகளின் பாஸ்பேட் உருண்டைகளைப் புவியியலாளர் வார்த் 1890களில் மதிப்பிட்டார். ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் எழுந்தது. உரத்துக்கு வந்த பாறை தீவனத்துக்குள் எப்போது நுழைந்தது? ஒரே ஆண்டைச் சுட்டுவது சரியாகாது. 1986இல் பிரிட்டனில் மாட்டு மூளை நோய் அறியப்பட்டபின் எலும்புத்தூள்மீது உலகெங்கும் ஐயம் வளர்ந்தது. அது மாற்றத்தை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதற்குமேல் நான் போகமாட்டேன். இந்தியச் சந்தையில் இரண்டு வகையும் இன்றும் விற்கின்றன.

மூட்டையின் தர விவரத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்துகிறது. கால்சியம், பாஸ்பரஸ் விழுக்காட்டோடு புளோரின் உச்ச வரம்பும் அதில் வருவது வழக்கம். புளோரின் பாஸ்பேட் பாறையின் கூடப்பிறந்த மாசு. எலும்பை மட்டுமே மனத்தில் கொண்டு வகுத்த விவரமாக இருந்தால் இந்த வரம்புக்கு இவ்வளவு தேவை எழுந்திராது. தரவிதி கேட்பதால் எலும்பு வகையிலும் அதே வரி அச்சாகலாம் என்ற மறுப்பு வலுவானதே. ஒரு மூட்டையின் பூர்வீகத்தை அந்த வரி மெய்ப்பிக்காது. ஆனால் விதி பாறையைக் கண்ணில் வைத்தே வகுக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி என்றே வாசிக்கிறேன்.

பாறை என்று தெரிந்தாலும் போதாது. கந்தக அமில முறையில் ரேடியத்தின் பெரும்பகுதி ஜிப்சத்தோடு போய்விடும்; யுரேனியம் பாஸ்பாரிக் அமிலத்தோடு தங்கும். ஹைட்ரோகுளோரிக் அமில முறையில் ஜிப்சம் உண்டாவதில்லை. ரேடியம் கழிவுநீரோடு போக, அதே சிதைவுத் தொடரில் வரும் ஈயம்-210உம் பொலோனியம்-210உம் டி.சி.பி.யோடு வரக்கூடும். ஸ்பெயினில் நூரியா காசாகுபெர்டா குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கோழிக்கறி வழியாக மனிதருக்குச் சேரும் கூடுதல் அளவு சிறியது என்பதே அவர்கள் கணக்கு. அச்சமூட்டுவது என் நோக்கமன்று. ஆனால் ரேடியம், தோரியம், பொட்டாசியம் மூன்றை மட்டும் எண்ணும் வாய்பாட்டுக்கு ஈயம்-210உம் பொலோனியம்-210உம் கண்ணில் படுவதேயில்லை. பொலோனியத்தை ஆல்பா நிறமாலையில்தான் முறையாகக் காண முடியும். ஈயத்தின் காமாக் கதிர் வெறும் 46.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; சோடியம் அயோடைடு கருவிக்கு அது எளிதில் சிக்காது. ஈயம் எலும்பிலும் பொலோனியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குபவை. எஞ்சியது எருவாகி மறுபடி நிலத்துக்கே போகிறது.

இனி தீவனத்தை அளப்பவர்கள் டி.சி.பி. எலும்பா பாறையா, எந்த அமிலத்தில் செய்தது என்பதைக் கேட்டு எழுதுங்கள். ஈயம்-210, பொலோனியம்-210 இரண்டையும் தனியே அளந்து பதியுங்கள். 370ஐக் கட்டடக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.