களஞ்சியம் அறியாத சட்டம்

உணவின் தீங்கின்மையை அச்சமும் தீர்மானித்தலாகாது. வணிகர்தம் உறுதிமொழியும் தீர்மானித்தலாகாது. ஆய்வே தீர்மானித்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

பூச்சியைக் கொல்லும் புரதத்தைத் தன்னுள்ளேயே உண்டாக்குமாறு மரபணு மாற்றப்பட்ட 'ஸ்டார்லிங்க்' சோளத்தை அமெரிக்க அரசு 1998இல் கால்நடைத் தீவனத்துக்கே அனுமதித்தது. மனிதர் உண்பதற்கு அனுமதிக்கவில்லை. அப்புரதம் எளிதிற் செரிக்காது, வெப்பத்திலும் எளிதிற் சிதையாது. ஆதலின் ஒவ்வாமை விளைக்கலாமென ஐயுற்றனர். ஆயினும் களஞ்சியத்திற் கலந்த மணிகள் சட்டத்தை அறியுமோ? 2000 செப்டெம்பரில், கடைகளில் விற்ற சோள ரொட்டியில் அது வெளிப்பட்டது. வெளிப்படுத்தியது அரசு அன்று, மக்கள் அமைப்புகளே.

நோயுற்றதாக முறையிட்டோருள் 28 பேரின் நிலையை 2001இல் ஆராய்ந்தனர். அப்புரதமே காரணமென்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதனாற் காவல் வீணென்போமா? இல்லை. உண்ணுமுன் ஐயந்தீர்ப்பதே ஆய்வு. உண்டபின் குருதியில் தேடுவது காலங்கடந்த விசாரணையே.