மாலை போட்டா நிற்குது, கழற்றினா திரும்புதே... குடியை விட ‘12 படிகள்’ எப்படி உதவும்?

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். தார் சுற்றுவதில் தொடங்கி வீடே சேர்ந்து உழைத்த காசு அது. வரும் வழியிலேயே அது குடியில் கரைந்தால்?

குடிப்பவருக்கும் இது தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார். கழற்றியதும் பழைய கதைதான். காரணம், விரதத்துக்கு முடிவு நாள் இருக்கு; குடிநோய்க்கு இல்லை.

எப்போது தொடங்கியது?

1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், பங்குத்தரகர் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் ஆகியோர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) அமைப்பைத் தொடங்கினர். இருவருமே குடியால் அவதிப்பட்டவர்கள். 12 படிகள் 1939-ல் புத்தகமாக வெளிவந்தன.

சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கு சிகிச்சை தருகிறது.

12 படிகள் என்ன சொல்கின்றன?

* 1-3: குடி என் கட்டுப்பாட்டில் இல்லை என ஒப்புக்கொண்டு, தன்னைவிடப் பெரிய சக்தியை நம்புவது. அது எந்தச் சாமி என்பது அவரவர் விருப்பம்.
* 4-7: தன் தவறுகளை எழுதிப் பார்ப்பது, இன்னொருவரிடம் மறைக்காமல் சொல்வது, மாறத் தயாராவது.
* 8-9: யாரையெல்லாம் காயப்படுத்தினோம் எனப் பட்டியல் போட்டு, முடிந்தவரை ஈடு செய்வது. அதனால் அவர்களுக்கு மேலும் பாதிப்பு வரும் என்றால் மட்டும் தவிர்க்கலாம்.
* 10-12: தினமும் தன்னைச் சரிபார்ப்பது, பிரார்த்தனை, தியானம், குடியில் சிக்கிய இன்னொருவருக்குக் கைகொடுப்பது.

இனி வாழ்நாளில் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை. ‘இன்று மட்டும் குடிக்க மாட்டேன்’ என்பதே கணக்கு. நாளைக்கு மறுபடியும் அதே முடிவு.

கட்டணம் உண்டா?

இல்லை. விரும்பினால் காசு போடலாம். அங்கே கேட்டதை, பார்த்தவரை வெளியே சொல்லக்கூடாது. குடும்பத்தினருக்கு ‘அல்-அனான்’ என்ற தனிக் குழு உண்டு.

கவனம்!

பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்தப் படிகள் சிகிச்சைக்கு மாற்று அல்ல, துணை.

மீண்டும் குடித்துவிட்டால்?

எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுத்தானே தறியை ஓட்டுகிறோம்? அடுத்த கூட்டத்துக்குப் போக வேண்டியதுதான்.

உதவிக்கு: மத்திய அரசின் போதை மீட்பு இலவச எண் 14446.