கணக்கர் மேசையில் ஒரு ஃபோல்டர்

ஈரோட்டு மஞ்சள் மண்டியானாலும் திருப்பூர் பனியன் கம்பெனியானாலும், கணினி வருவதற்கு முன்பு பேரேடு இருந்த இடம் கணக்குப்பிள்ளையின் மேசைதான். பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டியவர் அங்கே நடந்து போனார். கணினி வந்த பிறகும் கொஞ்ச காலம் அதே நடைதான். கையில் ஒரு ஃப்ளாப்பி சேர்ந்துகொண்டது. 1.44 எம்பி பிடிக்கும் அதை இன்னொரு கணினியில் போட்டு ஏற்றினால் இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு. எது புதியது என்பதில் தகராறு.

வசதியுள்ள நிறுவனங்களுக்கு நாவெல் நெட்வேர் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. 1992 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' வேறு வழி காட்டியது. மேசைமேல் இருக்கும் கணினியே தன் ஃபோல்டரை அடுத்தவருக்குத் திறந்துவிடும். இதற்கு அடியில் ஓடிய எஸ்எம்பி நெறிமுறை, 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது. விண்டோஸ் 95 அதை எல்லார் கைக்கும் எட்டவைத்தது. ரைட் கிளிக், ஷேரிங், ஓகே. ஃபோல்டர் படத்துக்குக் கீழே ஒரு கை முளைத்து அதைத் தாங்கி நிற்கும்.

பாடாய்ப் படுத்தியது கணினிகளை இணைத்த கேபிள்தான். டிவி கேபிள் போன்ற கறுப்பு வயர் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு, பூத்தொடுத்த மாதிரி போகும். அதிகபட்சம் 185 மீட்டர், 30 கணினி. இரண்டு கடைசியிலும் விரல்நுனி அளவில் 50 ஓம் டெர்மினேட்டர். பெருக்குகிறவரின் விளக்குமாறு பட்டு அதில் ஒன்று கழன்றால் போதும், மொத்த ஆபீஸும் நின்றுவிடும். ஆளாளுக்கு மேசைக்கடியில் குனிந்து தேடுவார்கள்.

கொங்கு நாட்டு ஆபீஸ்களில் ஷேரிங் வேரூன்றக் காரணம் டேலி என்ற கணக்கு மென்பொருள் என்றே சொல்ல வேண்டும். தென்னிந்திய, கிழக்கிந்திய ஆலைகளுக்கும் ஜவுளி மில்களுக்கும் மூலப்பொருளும் உதிரிபாகமும் விற்றவர் எஸ்.எஸ். கோயங்கா. தன் கணக்குக்குச் சரியான மென்பொருள் கிடைக்காமல், எழுதித் தரும்படி மகன் பரத்திடம் கேட்டார். 1986இல் பெங்களூரில் டேலியின் கம்பெனி பிறந்தது. மில்காரர்களோடு புழங்கியவரின் தேவையிலிருந்து வந்ததாலோ என்னவோ டேலி இங்கே இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது. 2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட் வரி வந்ததும், கணினிக் கணக்கு இல்லாமல் முடியாது என்ற நிலை பல கம்பெனிகளுக்கு.

டேலியின் டேட்டா ஃபோல்டர் ஒரு கணினியில் இருக்கும். மற்றவர்கள் அதற்குள் போய்ப் பதிவு போடுவார்கள். "அண்ணா, டேலி ஃபோல்டரை ஷேர் போட்டு உடுங்கண்ணா, ஃபுல்லாவே குடுத்துருங்க." அந்தக் கணினிக்கு யாரும் முறைப்படி வைக்காமலே 'சர்வர்' என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். பதிவு ஓடும்போது கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் டேட்டா கெடும். கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி 'ரீரைட்' கொடுத்துவிட்டு, எண்கள் ஓடி முடியும்வரை கணக்கர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனலில் ஒரே நேரத்தில் 10 கணினிகள்தான் இணையலாம். பதினோராவது கணினியை இணைக்கப் பார்த்தபோதுதான் பல முதலாளிகள் நிஜ சர்வரின் விலையை விசாரித்தார்கள்.

எல்லாருக்கும் 'ஃபுல்' அனுமதி கொடுத்தது அலட்சியம் அல்ல. கல்யாணம், காதுகுத்துக்குப் போய்வரும் உறவில் இருந்தவர்கள் சக ஊழியரிடம் பாஸ்வேர்டு கேட்கக் கூசினார்கள். அந்த நம்பிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் கேபிள் வழியே வருவது சக ஊழியர்தானா என்று கணினிக்குத் தெரியாது. விண்டோஸ் 95, 98இல் ஷேர் பாஸ்வேர்டின் முதல் எழுத்தை மட்டும் வைத்தே உள்ளே நுழைய முடியும் என்பது 2000இல் வெளிவந்தது. 2001 செப்டம்பரில் நிம்டா வைரஸ் திறந்துகிடந்த ஷேர்கள் வழியாகவும் பரவியது.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற வைரஸ் எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டையில் புகுந்து உலகெங்கும் கோப்புகளைப் பூட்டியது. மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தும் போடாதவர்கள் ஏராளம். சில நாளில் அது, 2007 வரை கோவை ரயில் நிலையத்தையும் நிர்வகித்த பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கே வந்தது.

அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் பழைய எஸ்எம்பியை மைக்ரோசாஃப்ட் தானாக நிறுவுவதை நிறுத்தியது. சிஎன்சி மெஷினுக்குப் பக்கத்தில், பழைய எஸ்எம்பி மட்டுமே தெரிந்த எக்ஸ்பி கணினியில் புரோகிராம்களை வைத்திருக்கும் பட்டறைக்கு இது பெரிய இடைஞ்சல். புதுக் கணினி வாங்கிய அன்று அந்த ஃபோல்டர் கண்ணில் படாது. சர்வீஸ் பையன் வந்து கண்ட்ரோல் பேனலைத் திறந்து, 'எஸ்எம்பி 1.0' என்ற வரிக்கு முன்னால் டிக் போட்டு, ரீஸ்டார்ட் கொடுப்பான். ஷிப்டு தொடங்கும் முன் புரோகிராம் வந்துவிடும்.