அடுக்களையும் அவையும்: சிற்றூர் இல்லத்தரசியர் சங்கங்களின் வரலாறு

‘சங்கம்’ என்னும் சொல் செவியில் விழுந்தவுடன் தமிழர் நெஞ்சில் மதுரை மாநகரும் புலவர் பேரவையுமே முதலில் தோன்றுகின்றன. தமிழையும் பாட்டையும் நினைவூட்டும் அச்சொல்லைக் கடந்த நூற்றாண்டில் சிற்றூர்ப் பெண்களும் தமதாக்கிக் கொண்டனர். ‘மாதர் சங்கம்’ என்னும் பெயர்ப்பலகை இல்லாத ஊர் தமிழகத்திலும் ஈழத்திலும் அரிது. பலகையில் மழை வழிந்து எழுத்து அழிந்திருக்கலாம். உள்ளே ஓர் உடைந்த தையல் இயந்திரம் மட்டுமே எஞ்சியிருக்கலாம். ஆயினும் அந்தப் பலகைக்குப் பின்னால் உலகளாவிய ஒரு வரலாறு உண்டு. அரசர் போர்களையும் அரசியல் ஒப்பந்தங்களையும் எழுதிய ஏடுகள் அவ்வரலாற்றை ஓரிரு வரிகளில் கடந்து சென்றன. அதனை எழுதி வைத்தவர்கள் அச்சங்கத்துப் பெண்களே. அவர்களுடைய கூட்டக் குறிப்பேடுகளே அதன் மூல ஏடுகள்.

பனிக்காலத்து ஒரு மாலை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் நகருக்கு அருகில் ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூர் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குள்ள உழவர்கள் தமக்கென உழவர் கழகம் ஒன்று வைத்திருந்தனர். விதை, உரம், கால்நடை நோய் ஆகியவை பற்றி அறிஞரை அழைத்து உரை கேட்பதற்கு அரசும் துணைநின்றது. பசுவின் நோய்க்கு அறிஞர் வந்தார்; பச்சிளங்குழந்தையின் நோய்க்கு எவரும் வரவில்லை. இந்த முரணைக் கூட்டந்தோறும் எடுத்துரைத்தவர் அடிலெய்டு ஹூட்லெஸ் என்னும் அம்மையார்.

1857-இல் ஒன்டாரியோவின் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்து, மணமாகி ஹாமில்டனில் வாழ்ந்த அவர், 1889-இல் இரண்டு வயதும் நிரம்பாத தம் மகனை இழந்தார். தூய்மையற்ற பாலே அக்குழந்தையின் உயிரைப் பறித்தது என்று பிற்காலத்தார் எழுதினர். அதற்கு உறுதியான சான்றில்லை என ஆய்வாளர் சிலர் மறுத்துரைப்பதும் உண்டு. காரணம் எதுவாயினும், இல்லத்தை நடத்துதல் ஒரு கல்வி என்றும், அறியாமையால் எந்தத் தாயும் தன் மகவை இழத்தல் ஆகாது என்றும் வற்புறுத்துவதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

1896-இல் குவெல்ஃப் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்களுள் ஏர்லண்ட் லீ என்னும் உழவரும் ஒருவர். ஸ்டோனி கிரீக் பகுதி உழவர் கழகத்தின் மகளிர் மாலைக்கு அவர் அம்மையாரை அழைத்தார். பெண்களும் தமக்கென ஒரு கழகம் அமைத்துக்கொண்டால் என்ன என்று அம்மையார் அங்குக் கேட்டார். அடுத்த வாரமே மீண்டும் கூடுவதென முடிவாயிற்று. இடைப்பட்ட நாள்களில் லீயும் அவர் துணைவி ஜேனட் லீயும் வீடுவீடாகச் சென்று பெண்களை அழைத்தனர். 1897 பிப்ரவரி 19 அன்று, பனிக்காலத்துக் குளிரைப் பொருட்படுத்தாது 101 பெண்கள் கூடினர். அவர்களிடையே இருந்த ஆடவர் ஏர்லண்ட் லீ ஒருவரே. மாதர் கழகம் என்னும் உலகளாவிய இயக்கத்தின் பிறப்பு அதுவே.

அதன் விதிமுறைகள் அதே மாதம் 25-ஆம் நாள் லீ இல்லத்து உணவு மேசையில் எழுதப்பட்டன. உணவு பரிமாறிய மேசையே சட்டம் எழுதும் மேசையாயிற்று. அவ்வீடு இன்று அருங்காட்சியகமாகப் போற்றப்படுகின்றது.

குறிப்பேடும் பெயரும்

இக்கழகங்களின் நடைமுறை எளியது. மாதம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் வீட்டிலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ கூடுவர். வருகைப்பெயர் வாசிக்கும்போது, ‘வந்துள்ளேன்’ என்று கூறியமைவதில்லை. ஒரு சமையற்குறிப்போ, வீட்டு மருந்தோ, படித்த நூலின் கருத்தோ சொல்லி விடையிறுக்கும் வழக்கம் இருந்தது. வீட்டுக்கு வெளியே வாய்திறந்து பேசியறியாத பெண் ஒருத்திக்கு அந்த ஒரு வரியே முதல் மேடைப் பேச்சு. அதன்பின் சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்படும், தீர்மானம் முன்மொழியப்படும், வழிமொழியப்படும், கணக்கு ஒப்படைக்கப்படும், ஒருவர் கட்டுரை படிப்பார். தேநீரோடு கூட்டம் முடியும். நாடாளுமன்றத்தில் இடமில்லாத பெண்கள் நாடாளுமன்ற நடைமுறையைத் தேநீர்க் கோப்பைகளுக்கிடையே பயின்றனர்.

சமயச் சார்பும் கட்சிச் சார்பும் கூடாதென்பது கழகத்தின் உறுதியான விதி. ஒரே ஊரில் வெவ்வேறு கோயில்களுக்குச் சென்ற பெண்கள் ஒரே பாயில் அமர்வதற்கு அவ்விதி இடந்தந்தது.

பேச்சோடு பணியும் வளர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, நண்பகலில் சூடான உணவு, ஊர் நூலகம், சந்தைக்கு வண்டியில் வரும் பெண்கள் இளைப்பாற நகரில் ஓர் அறை, கடையில் விற்கும் ரொட்டிக்கு உறை என அவர்கள் கேட்டவை யாவும் சிறியனவாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் உயிர் நின்றது. கிருமி நீக்கிய பாலையே விற்கவேண்டும் என்று இவர்கள் நெடுநாள் வற்புறுத்தினர். ஒன்டாரியோ மாகாணத்தில் அது சட்டமானது 1938-இல். ஹூட்லெஸ் அம்மையார் அதைக் காணவில்லை. 1910 பிப்ரவரி 26 அன்று, தம் 53-ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள், டொரண்டோ நகரில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இப்பணிகளையெல்லாம் பதிந்த குறிப்பேடுகளில் ஒரு பெருங்குறை உண்டு. முதற்கழகத்தின் முதல் தலைவியை ஏடுகள் ‘திருமதி ஈ. டி. ஸ்மித்’ என்றே குறிக்கின்றன. அவை கணவரின் முதலெழுத்துகள். கிறிஸ்டினா ஆன் ஸ்மித் என்னும் அவருடைய சொந்தப் பெயரைத் தேடிக் கண்டறிய வேண்டியுள்ளது. தம் கையால் வரலாறு எழுதிய பெண்கள் தம் பெயரை அதில் எழுதவில்லை. தூண்டாமணி விளக்கென ஊருக்கு ஒளி தந்தவர்கள் தம் முகத்தை நிழலிலேயே வைத்துக்கொண்டனர்.

ஊர் வரலாறு எழுதிய பெண்கள்

கனடாவிலிருந்து இவ்வியக்கத்தைக் கடல்கடத்திச் சென்றவர் மாட்ஜ் வாட் அம்மையார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915-இல், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவில், மிக நீண்ட பெயரால் புகழ்பெற்ற லான்வயர்புல் என்னும் ஊரில் பிரித்தானியாவின் முதல் மாதர் கழகம் தோன்றியது. உணவுப் பற்றாக்குறையை எதிர்கொள்ள உழவர் இல்லங்களின் ஒத்துழைப்பை நாடிய அரசு இதனை வரவேற்றது. இரண்டாம் உலகப்போரில் இக்கழகங்கள் அரசு அளித்த சர்க்கரையைக் கொண்டு, வீணாகப்போகவிருந்த பழங்களைப் பாகாக்கிப் பாதுகாத்தன. 1940 முதல் 1945 வரை அவ்வாறு காக்கப்பட்ட பழம் 5,300 டன்னுக்கும் மேல்.

பழப்பாகை உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. அவர்கள் எழுதிய ஏட்டை மறந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளை ஏற்றுப் புரந்த பெண்கள், தாம் கண்டவற்றைத் தொகுத்து 1940-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ‘நாட்டுப்புறக் கண்களில் நகரக் குழந்தைகள்’ எனப் பொருள்படும் தலைப்புடையது அது. நகரத்து வறுமையை நாட்டின் கண்முன் நிறுத்திய ஆவணங்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. அதை எழுதத் தூண்டியவை புள்ளியியல் நூல்கள் அல்ல. கிழிந்த காலணியோடு வாசலில் வந்து நின்ற பிள்ளைகளே.

கனடாவில் இதனினும் நெடிய ஓர் எழுத்துப்பணி நிகழ்ந்தது. 1935 முதல் 1940 வரை கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ட்வீட்ஸ்மியூர் பிரபு, ஜான் பக்கன் என்னும் பெயரில் நாவல்கள் எழுதியவர். அவர் துணைவியார் சூசன், இங்கிலாந்தின் மாதர் கழகங்கள் ஊர் வரலாறு தொகுப்பதை அறிந்தவர். அவ்வாறே ஒன்டாரியோப் பெண்களும் செய்யலாம் என்று அவர் கூறிய கருத்து 1947-இல் முறையான திட்டமாயிற்று. ‘ட்வீட்ஸ்மியூர் வரலாற்றேடுகள்’ என்று அவை பெயர் பெற்றன. முதலில் குடியேறியவர் யார், பள்ளி எப்போது எழுந்தது, எந்த ஆலை எரிந்தது, போருக்குச் சென்று மீளாதவர் யாவர் என்பவற்றைப் பெண்கள் முதியோரிடம் கேட்டெழுதினர். நிழற்படங்களையும் செய்தித்துணுக்குகளையும் ஒட்டினர். பல்கலைக்கழகங்கள் கருதாத சிற்றூர்களுக்கு அடுக்களைப் பெண்களே வரலாற்றாசிரியர் ஆயினர். இன்று அம்மாகாணத்தில் ஊர் வரலாறு ஆராய்வோர் முதலில் புரட்டுவது அவ்வேடுகளையே.

இலங்கைக்கு வந்த விதை

ஸ்டோனி கிரீக்கில் பெண்கள் கூடுவதற்கு முந்தைய ஆண்டு, அதே ஒன்டாரியோவைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் இலங்கைக்குப் புறப்பட்டார். எலோரா என்னும் ஊரில் 1873-இல் பிறந்த மேரி இர்வின் என்பார் அவர். அமெரிக்க மிஷனின் மருத்துவப் பணிக்கெனப் புறப்பட்ட அவர், சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்னும் இலங்கைத் தமிழரை மணந்தார். வெள்ளையர் ஒருவர் தமிழரை மணப்பதை ஏற்க மிஷனுக்கு மனமில்லை, பணி பறிபோயிற்று. மேரி ஊர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்தார். மேரி இரத்தினம் என்னும் பெயரில் அந்நாட்டவராகவே வாழ்ந்தார்.

மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிய குழந்தை அதே நோயோடு மீண்டும் வருவதைக் கண்ட மருத்துவர்க்கு, நோயின் வேர் மருத்துவமனைக்கு வெளியே இருப்பது புலனாகும். கிணற்றிலும் அடுக்களையிலும் அறியாமையிலும் அது இருந்தது. தம் தாய்நாட்டு மாதர் கழகங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930-இல் அவர் ‘லங்கா மகிளா சமிதி’யைத் தோற்றுவித்தார். உடல்நலம், தூய்மை, வீட்டுத்தோட்டம், நெசவு, கைத்தொழில் ஆகியவற்றைச் சிற்றூர்ப் பெண்கள் கூடிக் கற்றனர். வெளியூரார் வந்து அறிவுரை கூறிச் செல்லாமல், அவ்வவ்வூர்ப் பெண்களே தம் சமிதியை நடத்தவேண்டும் என்பது அதன் உயிர்க்கொள்கை.

ஹூட்லெஸ் அம்மையாரும் மேரி இரத்தினமும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள். ஆயினும் ஒரு பெருவேறுபாடு உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கோரும் இயக்கத்தில் ஹூட்லெஸ் சேரவில்லை. இல்லமே பெண்ணின் அரசு என்று அவர் நம்பினார். மேரி இரத்தினமோ 1927-இல் தோன்றிய இலங்கைப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1931-இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1937-இல் கொழும்பு மாநகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்ணும் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றால் அவ்விருக்கை சில மாதங்களில் கைநழுவியபோதும் சமிதிப் பணி தளரவில்லை. 1958-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962-இல் அவர் மறைந்தார்.

சமிதியில் 1941-இல் சேர்ந்த இளம்பெண் ஒருவர், சிற்றூர்களின் உணவு உற்பத்திப் பணியில் ஈடுபட்டு, செயலாளர் முதல் தலைவர் வரை பல பொறுப்புகளை வகித்தார். 1960-இல் அவர் உலகின் முதல் பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசியலை ஏற்பார் உண்டு. எதிர்ப்பாரும், தமிழரிடையே சிறப்பாக, உண்டு. ஆயின் சிற்றூர்ப் பெண்களின் கூட்டங்களும் அவருடைய பயிற்சிக்களமாயின என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

மாட்ஜ் வாட் அம்மையாரைத் தலைவியாகக் கொண்டு 1933-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உருவான உலக நாட்டுப்புறப் பெண்கள் கூட்டமைப்பு, 1957-இல் தன் மாநாட்டை இலங்கையில் நடத்தியது. பனிநிலத்தில் முளைத்த செடி வெப்பநிலத்தில் வேர்கொண்டதற்கு அம்மாநாடு சான்று.

கதவும் சுவரும்

இச்சங்கங்களைப் பாராட்டுவதோடு நின்றுவிடுதல் வரலாறாகாது. ‘இல்லத்தரசி’ என்னும் பெயரே இல்லமும் ஓய்வு நேரமும் உடையவளைக் குறிக்கிறது. பிறர் வயலிலும் தோட்டத்திலும் கூலிக்கு உழைத்தவளுக்குப் பிற்பகல் கூட்டம் எளிதன்று. கனடாவின் ஊர் வரலாற்றேடுகள் பல, குடியேறியவரின் வருகையிலிருந்தே தொடங்கின. அதற்குமுன் அம்மண்ணில் வாழ்ந்த தொல்குடியினர்க்கு அவற்றில் போதிய இடமில்லை. பெண்ணின் கடமை வீடே என்னும் எண்ணத்தைச் சங்கங்கள் சில வேளைகளில் உறுதிப்படுத்தவும் செய்தன.

இருப்பினும் அடுக்களைக் கதவு இருபுறமும் திறக்கும் தன்மையது. பாலின் தூய்மையைக் கேட்கத் தொடங்கியவள் சட்டமன்றத்தைக் கேட்க நேர்ந்தது. கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கியவள் வாக்குச்சீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தது. ஹூட்லெஸ் எல்லையென வகுத்த வாயிற்படியை மேரி இரத்தினம் வழியாக்கினார். ஒரு நிறுவனத்தின் பயன் அதைத் தொடங்கியவர் நினைத்ததோடு முடிவதில்லை. அதில் கூடியவர் அதை எவ்வளவு தொலைவு நடத்திச் சென்றனர் என்பதே அதன் அளவு.

சங்கங்கள் தோன்றுவதும் மறைவதும் இயல்பு. ஆண்டுவிழா மலர்கள் தலைவர் பெயரையும் புரவலர் பெயரையும் மறவாது பொறிக்கின்றன. கூட்டத்திற்குப் பாய் விரித்தவரையும், குறிப்பெழுதியவரையும், தேநீர் காய்ச்சியவரையும் அவை பெரும்பாலும் மறக்கின்றன. ஸ்டோனி கிரீக்கில் அன்று கூடிய 101 பெண்களின் எண்ணிக்கையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களின் பெயர்களையும் எழுதியிருக்க வேண்டும். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எந்த அவைக்கும் அவர்கள் விட்டுச்சென்ற பாடம் அதுவே: கூடியவர் அனைவரின் பெயரையும், அவரவர் சொந்தப் பெயராகவே, ஏட்டில் எழுதுக.